நூலக இணையத்தளமும் மாற்றுத்திறனாளர் வாசிப்புரிமையும்

நூலகம் என்பது நூல்களைச் சேமித்துக் காக்கும் களஞ்சியம் என்று மட்டும் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. மத்திய கால ஐரோப்பாவின் நூல்நிலையங்கள் சிலவற்றில் நூல்களைச் சங்கிலியாற் பிணித்து வைத்திருந்தனர் என வரலாறு கூறும். நூலைக் காத்தலே நூலகரின் தலையாய கடமை என்ற நிலை மாறி, நூலாற் பெறும் பயனே நூலகத்தின் நோக்கம் என்னும் கொள்கை வேரூன்றுதற்குப் பெரிதும் உழைத்தவருள் ஒருவர், சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராய் விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன் ஆவர். அவர் 1931 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உலக நூலகர் யாவரும் அறிவர். நூல்கள் பயன்படுத்தற்கு உரியன என்பது அவற்றுள் முதலாவது. வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் கிட்டுதல் வேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டாம் விதியில் வரும் ‘ஒவ்வொருவர்’ என்னும் சொல் யாரை உள்ளடக்கும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வினா இன்று புதுவலிமை பெற்றமைக்குக் காரணம் உண்டு. முன்னர் நூலகத்தின் வாயில் என்பது கல்லும் மரமுங் கொண்டு கட்டிய வாயிலே. இன்றோ நூற்பட்டியலைத் தேடுவதும், நூலை முன்பதிவு செய்வதும், இரவற் காலத்தை நீடிப்பதும், ஆய்விதழ்களையும் பழைய வினாத்தாள்களையும் பெறுவதும் பெரும்பாலும் இணையத்தளத்தின் வழியே நிகழ்கின்றன. ஆகவே இணையத்தளம் நூலகத்தின் மற்றொரு வாயில் ஆயிற்று. கட்டடத்து வாயிலிற் படிகள் மட்டும் இருந்து சாய்தளம் இல்லாதொழியின், சக்கர நாற்காலியில் வருபவர் வெளியே நிற்பர். அவர் நிற்பது எல்லோர் கண்ணுக்கும் புலனாகும். இணையத்தளத்தின் வாயில் அடைபட்டிருப்பின் வெளியே நிற்பவரைக் காண்பார் இலர். குறை நெடுங்காலம் நீடிப்பதற்கு இதுவே முதற்காரணமாம்.

விரலும் செவியும் வாசித்த வரலாறு

விழிப்புலனற்றோரின் வாசிப்பு வரலாறு, பிறர் தயவிலிருந்து தம் முயற்சிக்கு மாறிய வரலாறு ஆகும். பிரான்சு நாட்டில் 1809 ஆம் ஆண்டிற் பிறந்த லூயி பிரெயில், இளமையிலேயே விபத்தொன்றாற் பார்வையை இழந்தவர். சாள்ஸ் பாபியே என்பார் வகுத்திருந்த பன்னிரு புள்ளி முறையை ஆராய்ந்து, ஒருவிரல் நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளி முறையாக அதனைச் செம்மை செய்து, 1829 இல் அவர் வெளியிட்டார். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைப்பதால் 63 வடிவங்கள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு எம்மொழியையும் எழுதலாம். இந்திய மொழிகளுக்குரிய பொதுமுறை பாரதி பிரெயில் என்னும் பெயரால் 1951 இல் வகுக்கப்பெற்றபோது தமிழும் அதனுள் இடம்பெற்றது. இலங்கையிலே 1912 இல் தொடங்கிய இரத்மலானைச் செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலை இத்தகைய கல்விக்கு முன்னோடியாய் நின்றது.

எனினும் பிரெயில் நூல்கள் பருமனானவை. ஒரு நூல் பல தொகுதிகளாய் விரியும். அச்சிடுஞ் செலவும் மிகுதி. ஒலிப்பதிவு நூல்கள் 1930களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தோன்றியபோது செவிவழி வாசிப்பு எளிதாயிற்று. ஆயினும் எந்நூலைப் பதிவு செய்வது என்பதைத் துணிபவர் பிறரே. வாசகர் தாம் விரும்பிய நூலைத் தாம் விரும்பிய வேளையிற் பெறுவது அரிதாகவே இருந்தது.

கணினியின் வருகை இத்தடையை உடைத்தது. கணினியில் உள்ள எழுத்து, தாளில் அச்சிட்ட எழுத்தைப் போன்று ஓருருவில் உறைந்து நிற்பதன்று. அதே எழுத்தைக் குரலாக ஒலிக்கச் செய்யலாம், புள்ளிகள் எழுந்து தாழும் பிரெயிற் கருவியில் விரலுக்கு உணர்த்தலாம், பெரிதாக்கலாம், நிறம் மாற்றலாம். திரையிலுள்ளதைக் குரலாக மாற்றும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பர். ஜோஸ் என்னும் திரைவாசிப்பான் 1989 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் உருவாயிற்று. என்.வி.டி.ஏ. என்பது, விழிப்புலனற்ற மைக்கேல் கரன் என்பவரால் அவுஸ்திரேலியாவில் 2006 இல் தொடங்கப்பெற்று, எவரும் இலவசமாகப் பெறத்தக்கதாய் விளங்குவது. அதனுடன் இணைந்து வரும் ஈ-ஸ்பீக் என்னும் குரலாக்கி தமிழையும் பேச வல்லது. கைத்தொலைபேசிகளிலும் இன்று இத்தகைய வசதி உடனமைந்தே வருகின்றது.

ஆகவே, வரலாற்றில் முதன்முறையாக, பார்வையுடையோர் வாசிக்கும் அதே பக்கத்தை அதே நாளிற் பார்வையற்றோரும் வாசித்தல் இயல்வதாயிற்று. அதற்கு வேண்டுவது ஒன்றே: பக்கத்தை அமைப்பவர் அதனை ஒழுங்காக அமைத்தல் வேண்டும். ஒழுங்கின்றி அமைத்த பக்கம், திறந்த கதவை மீண்டும் அடைப்பதற்கு ஒப்பாகும்.

தடைப்படுவோர் யாவர்?

இணையத்தள அணுகல் என்றவுடன் விழிப்புலனற்றோரை மட்டும் நினைத்தல் பொருந்தாது. பார்வை மங்கியோர், நிறங்களைப் பிரித்தறியாதார், செவிப்புலனற்றோர், கைந்நடுக்கத்தாலோ முடக்குவாதத்தாலோ சுட்டியைப் பிடித்து நகர்த்த இயலாதார், எழுத்துக்களை இனங்காண்பதில் இடர்ப்படுவோர், நினைவாற்றல் குன்றியோர் ஆகிய யாவரும் இதில் அடங்குவர். வட ஐரோப்பிய மரபினரான ஆண்களுள் ஏறத்தாழப் பன்னிருவருக்கு ஒருவர் செம்மையையும் பசுமையையும் பிரித்தறிவதில் இடர்ப்படுபவர் என மருத்துவர் கூறுவர்.

உலகில் ஏறக்குறைய 130 கோடி மக்கள், அஃதாவது நூற்றுக்குப் பதினாறு பேர், குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. இலங்கையின் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டுமுள்ளோருள் நூற்றுக்கு 8.7 பேர் ஏதேனும் ஒருவகை இடர்ப்பாடு உடையர். முதுமையெய்துவோர் யாவர்க்கும் கண்ணும் கையும் செவியும் ஓரளவு தளர்தல் இயல்பு. ஆதலின் இது யாரோ சிலரைப் பற்றிய செய்தியன்று. இன்று இடரின்றி வாசிப்போர் நாளை அடையக்கூடிய நிலையைப் பற்றிய செய்தியுமாம்.

நான்கு நெறிகள்

உலகளாவிய வலையை உருவாக்கிய ரிம் பேணர்ஸ் லீ, அதன் பொது நியமங்களை வகுத்தற்பொருட்டு 1994 இல் உலக வலைக் கூட்டமைப்பை நிறுவினார். அக்கூட்டமைப்பு 1997 இல் அணுகல் முயற்சி ஒன்றைத் தொடங்கி, 1999 இல் வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டி நெறிகளின் முதற்பதிப்பை வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2008 இலும், அதன் விரிவுகள் 2018 இலும் 2023 இலும் வெளிவந்தன. 2008 ஆம் ஆண்டுப் பதிப்பு 2012 இல் அனைத்துலக நியம நிறுவனத்தின் நியமமாகவும் ஏற்கப்பட்டது. இந்நெறிகள் ஒற்றை ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என மூன்று படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. நாடுகள் பலவற்றின் சட்டங்கள் இரட்டை ஏ என்னும் நடுப்படியையே வேண்டுகின்றன. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாய் நிற்பன நான்கு கோட்பாடுகள். அவை வருமாறு:

முதலாவது, புலனாதல். பக்கத்திலுள்ள எதுவும் வாசகரின் ஏதேனும் ஒரு புலனுக்கு எட்டுதல் வேண்டும். நூலின் அட்டைப்படத்தைத் திரைவாசிப்பான் காணாது. படத்தோடு ‘இன்ன நூலின் அட்டை’ என்னும் மாற்றுரை இணைந்திருப்பின் அதனை வாசிக்கும்; இல்லையேற் ‘படம்’ என்று மட்டும் கூறும்; அல்லது பொருளற்ற கோப்புப் பெயரொன்றை ஒப்புவிக்கும். நூலகம் வெளியிடும் சொற்பொழிவுக் காணொளிகளுக்கு எழுத்துரை இருப்பின் செவிப்புலனற்றோரும் பயன்பெறுவர். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்னும் விகிதத்திற் குறையலாகாது என்பது இரட்டை ஏ விதி. வெண்மையின் மீது கருமை 21க்கு 1 ஆகும். வெண்மையின் மீது வெளிறிய சாம்பல் நிறம் நோக்குதற்கு இனியதாயினும் வாசித்தற்கு அரியது. இரவலிலுள்ள நூல் சிவப்பு, கையிலுள்ள நூல் பச்சை என நிறத்தால் மட்டும் உணர்த்துதலும் தவறு. நிறத்தோடு சொல்லும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, இயக்குதற்கு எளிதாதல். சுட்டியின்றி விசைப்பலகையால் மட்டும் தளம் முழுவதையும் இயக்க இயலுதல் வேண்டும். வாயிற் பற்றிய கோலாலும் குரற் கட்டளையாலும் கணினியை இயக்குவோர் உளர். அவர்தம் கருவிகள் பல விசைப்பலகையின் இடத்தில் நின்று தொழில் செய்வன. விசையை அழுத்துந்தோறும் பக்கத்தில் எவ்விடத்தில் நிற்கின்றோம் என்பது தெளிவாய்த் தோன்றுதலும் வேண்டும். நூலை முன்பதிவு செய்யும் படிவம் சில நிமிடங்களிற் காலாவதியாயின், மெல்ல எழுதுவோர் மீண்டும் மீண்டும் தொடக்கத்திலிருந்தே தொடங்க நேரும். ஆதலின் காலத்தை நீடித்தற்கு வழி அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது, விளங்கிக்கொள்ளுதற்கு எளிதாதல். சொற்கள் எளியனவாகவும், பக்கந்தோறும் தேடற்பெட்டியும் பட்டியும் ஒரேயிடத்தில் அமைந்தனவாகவும் இருத்தல் வேண்டும். படிவத்திற் பிழை நேரின் ‘பிழை’ என்று மட்டும் கூறாது, எப்பகுதியில் என்ன பிழை, அதனை எவ்வாறு திருத்தலாம் என்று கூறுதல் வேண்டும்.

நான்காவது, உறுதியுடைமை. பக்கத்தின் உள்ளமைப்பு முறையாக இருப்பின், இன்றைய கருவிகளும் இனி வரும் கருவிகளும் அதனைச் சரியாகப் பொருள்கொள்ளும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பார்வையுடையோர் நீண்ட பக்கமொன்றைக் கண்ணாற் பருந்துப் பார்வையாகப் பார்த்து, வேண்டிய தலைப்பிற் சென்று நிற்பர். திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர் எச் என்னும் விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவர். ஆனால் அது தலைப்பு என்று உள்ளமைப்பிற் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அவ்வாறு தாவ இயலும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிய அளவில் அது கண்ணுக்குத் தலைப்பாகுமேயன்றிக் கருவிக்குத் தலைப்பாகாது. அவ்வாறே தேடற்பெட்டிக்கு அருகில் ‘ஆசிரியர் பெயர்’ என எழுதியிருப்பினும், அப்பெயர் பெட்டியோடு உள்ளே பிணைக்கப்படாவிடின், வாசகர் கேட்பது ‘எழுதுக’ என்னும் வெற்றுக் கட்டளையே. ஐம்பது நூல்களின் பெயர்களுக்குக் கீழே ஐம்பது முறை ‘இங்கே அழுத்துக’ என்றிருப்பின், இணைப்புக்களை மட்டும் நிரலாகக் கேட்கும் வாசகர்க்கு அவற்றுள் எது எந்நூலுக்குரியது என்பது தெரியவாராது.

தமிழ்ப் பக்கங்களுக்குரிய சிறப்பு இடர்கள்

மேற்கூறியன எம்மொழிக்கும் பொது. தமிழுக்கே உரிய இடர்களும் சில உள. அவற்றுள் தலையாயது எழுத்துக் குறியீடு. கணினியில் தமிழ் புகுந்த காலத்து, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் செய்தனர். இலங்கையிற் பெருவழக்குப் பெற்ற பாமினி அத்தகையது. அவ்வெழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டெழுதினால், திரையிலே தமிழ்ச்சொல் தோன்றும். கணினியின் உள்ளே இருப்பவையோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. கண்ணுடையார் அன்னையின் பெயரைப் படிக்க, செவியாற் படிப்பவர் பொருளற்ற ஒலிக்கூட்டத்தைக் கேட்பர். தேடற்பொறிக்கும் அச்சொல் அகப்படாது. 1991 இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துக்களுக்குத் தனியிடம் வகுக்கப்பட்டது. அம்முறையில் எழுதிய தமிழ் எங்கும் தமிழாகவே நிற்கும். ஆகவே பழைய எழுத்துருவில் உள்ள நூற்பட்டியல்களை யுனிகோட்டுக்கு மாற்றுதல், தமிழ் நூலகங்கள் செய்யத்தக்க அணுகற்பணிகளுள் முதலிடம் பெறுவதாம்.

இரண்டாவது இடர் பக்கப்படங்கள் பற்றியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை அறிந்த சமூகத்தில், 2005 இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணுவதன் அருமை சொல்லாமலே விளங்கும். பொதுவாக எந்நாட்டிலும் இத்தகைய பணியின் முதற்படி, நூலின் பக்கங்களைப் படமாக்கிப் பி.டி.எவ். கோப்பாகச் சேமித்தலே. நூலைக் காத்தற்கு அது போதும். ஆனால் திரைவாசிப்பானுக்குப் பக்கத்தின் படமும் வெற்றுத்தாளும் ஒன்றே. படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள்கள் இன்று தமிழுக்கும் உள்ளன. பழைய அச்சிலும் மங்கிய தாளிலும் அவை பிழைபடுமாதலின் மெய்ப்புப் பார்ப்போரின் உழைப்பும் வேண்டப்படும். அனைத்தையும் ஒருங்கே மாற்றுதல் இயலாதெனினும், பாடநூல்கள், வினாத்தாள்கள், அகராதிகள் என மிகுதியும் வேண்டப்படுவனவற்றை முதலில் மாற்றலாம். பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் விழிப்புலனற்ற மாணவர்க்கு, படமாய் இருக்கும் வினாத்தாள் இல்லாத வினாத்தாளே.

மூன்றாவது, மொழிக்குறிப்பு. இது தமிழ்ப் பக்கம் எனப் பக்கத்தின் உள்ளமைப்பில் ஒரு சிறு குறிப்பு இருத்தல் வேண்டும். அஃதில்லையாயிற் சில கருவிகள் தமிழை ஆங்கிலக் குரலாற் படிக்க முயன்று இடறும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒருங்கே வரும் இலங்கை நூலகத் தளங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் மொழியைக் குறித்தல் இன்றியமையாதது.

சட்டமும் கடமையும்

இலங்கையில் மாற்றுத்திறனாளரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களின் அணுகல் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளிவந்தன. அவ்வாண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமைச் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, கட்டடங்களையும் போக்குவரத்தையும் போன்றே தகவல் தொடர்புச் சாதனங்களும் யாவரும் அணுகத்தக்கனவாதல் வேண்டும் எனக் கூறுகின்றது. இலங்கை அச்சமவாயத்தை 2016 இல் உறுதிப்படுத்தியது.

நூலகங்களோடு இன்னும் நெருங்கிய தொடர்புடையது 2013 இல் மொறொக்கோ நாட்டு மரகேஷ் நகரில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை. அச்சு நூலைப் படிக்க இயலாதார்க்கென, பதிப்புரிமையாளரின் இசைவை ஒவ்வொரு முறையும் வேண்டி நில்லாமல், ஏற்ற வடிவிற் படியெடுக்கவும் அப்படிகளை நாடுகளுக்கிடையே பகிரவும் அது வழிசெய்கின்றது. இந்தியா 2014 இல் அதனை முதலில் உறுதிப்படுத்திய நாடாயிற்று. உடன்படிக்கை 2016 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அவ்வாண்டிலேயே அதிற் சேர்ந்தது. எனினும் அணுகத்தக்க நூல் எங்கோ ஓரிடத்தில் இருத்தலால் மட்டும் பயனில்லை. அந்நூலைத் தேடியறியும் பட்டியலும் அணுகத்தக்கதாயின் அன்றோ அது வாசகர் கையை அடையும்?

தடைகூறுவார்க்கு விடை

இத்தகையோர் எத்தனை பேர் வருகின்றனர், அவர்பொருட்டு இத்துணை முயற்சி வேண்டுமோ எனச் சிலர் வினவுவர். வாயில் அடைபட்டிருக்கும்வரை வருவோர் தொகை சிறிதாகவே இருக்கும். வாராமையைக் காரணமாகக் காட்டி வாயிலை அடைத்து வைத்தல், காரியத்தையே காரணமாகக் கொள்ளும் பிழையாம்.

செலவு மிகும் என்பர் சிலர். கட்டி முடித்த வீட்டை இடித்துச் சாய்தளம் அமைத்தற்குச் செலவு மிகும். வரைபடத்திலேயே அதனை வரைந்துகொள்ளின் மிகாது. தலைப்பைத் தலைப்பெனக் குறித்தற்கும் படத்துக்கு ஒரு வரி எழுதுதற்கும் பணம் வேண்டுவதில்லை. அறிவும் கவனமுமே வேண்டும்.

மாற்றுத்திறனாளர்க்கெனத் தனிப்பக்கம் ஒன்று அமைத்தாற் போதாதோ என்பர் வேறு சிலர். அத்தகைய பக்கம் நாளடைவிற் புதுப்பிக்கப்படாது பழையதாகிவிடுதல் எளிது. மேலும் எல்லோரும் முன்வாயிலால் நுழைய ஒருசிலர் மட்டும் பின்வாயிலால் நுழைதல் சமத்துவமன்று. ஒரே தளம் யாவர்க்கும் பொருந்த அமையின் அனைவரும் நன்மை பெறுவர். எழுத்துரை உள்ள காணொளியை இரைச்சல் மிக்க பேருந்திலும் பார்க்கலாம்; ஒளிர்வு வேறுபாடு மிக்க பக்கத்தை வெயிலிலும் வாசிக்கலாம்; எளிய நடை யாவர்க்கும் இனிது.

சிறு நூலகங்கள் செய்யத்தக்கன

பாடசாலை நூலகமும் கிராமத்துப் பொதுநூலகமுங்கூடச் சில சோதனைகளைச் செலவின்றிச் செய்யலாம். சுட்டியை அகற்றிவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒரு நூலைத் தேடி முன்பதிவு செய்து பார்த்தல் ஒன்று. என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, செவியால் மட்டும் அதே பணியைச் செய்து பார்த்தல் மற்றொன்று. எழுத்தை இருமடங்காகப் பெரிதாக்கும்போது பக்கம் சிதைகின்றதா எனவும், நிறத்தை முற்றும் நீக்கியபோது பொருள் விளங்குகின்றதா எனவும் நோக்குதல் வேறிரண்டு. தானாக இயங்கிப் பிழை காணும் மென்பொருள்களும் உள. ஆயின் படத்துக்கு மாற்றுரை உண்டோ என்பதை அவை கூறுமேயன்றி, அம்மாற்றுரை பொருத்தமானதோ என்பதைத் துணிய வல்லன அல்ல.

இவை யாவற்றினும் மேலானது, மாற்றுத்திறனாளரையே அழைத்துத் தளத்தைப் பயன்படுத்தச் செய்து, அவர்கள் எங்கே தடைப்படுகின்றனர் என்று கேட்டறிதல். பிறருக்காகச் செய்வதெனினும் அவரைக் கேளாது செய்வது பெரும்பாலும் பயன்படாது. தளத்தை அமைக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தஞ் செய்யும்போதே இரட்டை ஏ நியமத்துக்கு அமைய அமைத்தல் வேண்டும் என எழுதிக்கொள்ளுதலும், நூலகப் பணியாளர்க்கு இதிற் பயிற்சி அளித்தலும் நிலையான பயனைத் தரும். நாள்தோறும் புதிய அறிவித்தல்களும் படங்களும் ஏற்றப்படுவதால், இஃது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. நூற்களைத் துடைத்து அடுக்குவது போன்று தொடர்ந்து செய்யப்படும் பணியாகும்.

இரங்கநாதன் வகுத்த ஐந்தாம் விதி, நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் ஓர் உயிரி என்பது. அவ்வளர்ச்சியை நூற்றொகையால் மட்டும் அளப்பது வழக்கம். நேற்று வெளியே நின்றவருள் எத்தனை பேர் இன்று உள்ளே இருந்து வாசிக்கின்றனர் என்பதையும் அதற்கு அளவாகக் கொள்ளுதல் தகும். ஒரு நூலைத் தேட ஒருவர் பிறர் ஒருவரின் கண்ணையும் ஓய்வு நேரத்தையும் எதிர்பார்த்து நில்லாது, தம் விருப்பப்படி தாமே தேடிப் பெறுதல் சிறிய செய்தியாகத் தோன்றலாம். கல்வியால் வரும் தற்சார்பு அங்கேதான் தொடங்குகின்றது. அதனை எல்லா வாசகர்க்கும் உரியதாக்கும் நூலகமே இரண்டாம் விதியை நிறைவேற்றிய நூலகமாம்.